ஹரிகிருஷ்ணன் வீட்டுக் கதவு

மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டிய அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீடுகளுக்கும் கார்டு பூட்டு மாட்ட வைத்தவர் சங்கச் செயலாளர் ஹரிகிருஷ்ணன். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் மேலாளர். பூட்டு வந்த நாளிலிருந்து கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் நடமாடினார். குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று பிரதீபாவுக்குச் சந்தேகம்.

அதே குடியிருப்பில் வசித்த பிரதீபாவுக்கு நாவலூரில் வேலை. மின்னணுக் கருவிகளில் பாதுகாப்பு ஓட்டை தேடுவதுதான் அவள் பிழைப்பு. ஒரு சாயங்காலம் தன் கார்டைச் சோதித்துப் பார்த்தாள். உள்ளே வெறும் ஓர் எண். கிட்டே வந்து யார் கேட்டாலும் கார்டு அந்த எண்ணைச் சொல்லிவிடும். அந்த எண்ணை யார் வந்து சொன்னாலும் பூட்டு திறந்துகொள்ளும். இதற்குக் கதவைக் கயிற்றால் கட்டியிருக்கலாம், முடிச்சை அவிழ்க்கவாவது நேரம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

செயலாளரிடம் சொன்னபோது, "யூடியூப் பாத்துட்டுப் பயப்படாதீங்க மேடம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் உள்ளங்கை அளவு சர்க்யூட் பலகை ஒன்றைக் கொண்டுபோனாள். அதில் ஒரு கம்பிச்சுருளும் பேட்டரியும் இணைத்திருந்தாள்.

"ஸ்கூல் பசங்க லைட்டு மினுக்க வாங்குற பொம்மைதானே இது?" என்றார் ஹரிகிருஷ்ணன். "இதை வச்சு என் வீட்டைத் திறப்பீங்களா?"

"நீங்க சரின்னா திறக்கிறேன் சார்."

"தாராளமா. திறந்துட்டா பதவியை விட்டுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கழுத்துக் கார்டைக் கையால் பொத்திக்கொண்டார். கையால் பொத்தினால் எண் வெளியே வராது என்று எந்தக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தார்களோ. அவள் பலகையை அந்தக் கைக்கு அருகே நீட்டினாள். எண்ணைப் பிடித்துக்கொண்டு அது ஒருமுறை கீச்சிட்டது.

கூட்டம் மாடியேறியது. பலகையைப் பூட்டருகே காட்டியதும் பச்சை விளக்கு எரிந்து கதவு திறந்தது. உள்ளே ஹரிகிருஷ்ணனின் மனைவி தெய்வநாயகி, தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவசரமாகத் துண்டை இழுத்துப் போர்த்தினார்.

"அப்ப நான் கேட்டாண்ட குந்திகினு கீறது இன்னாத்துக்கு சார்?" என்றார் காவலாளி ஏசுபாதம்.

ஹரிகிருஷ்ணனின் முகம் சிவந்துவிட்டது. "இது கிரிமினல் வேலை" என்றார். கீழே போனதும், இப்படிப்பட்ட பலகைகளைக் குடியிருப்புக்குள் வைத்திருக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார். சற்றுமுன் அந்தக் கதவு திறந்ததைப் பார்த்தவர்களே அதற்குக் கை தூக்கினார்கள். பதவி பற்றி அவரும் பேசவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

"பூட்டு அப்படியே இருக்கும், பொம்மைக்கு மட்டும் தடையா?" என்றாள் பிரதீபா. ஹரிகிருஷ்ணன் அடுத்த விஷயத்துக்குத் தாவினார். இவர்களை நம்பிப் பேசியதுதான் தன் தப்பு என்று எழுந்துவிட்டாள்.

தெய்வநாயகியை அந்தக் கோலத்தில் ஊரே பார்த்ததுதான் அவளுக்கு உறுத்தியது. மன்னிப்புக் கேட்கப் போனாள்.

"நீ எதுக்கும்மா மன்னிப்பு கேக்குற? போன மாசம் மேல்மாடிக்காரர் வீடு மாறி வந்து எங்க கதவுல கார்டை வச்சிட்டார். திறந்துக்கிச்சு, உள்ளயே வந்துட்டார். இவர்கிட்ட சொன்னா, நீதான் சரியா சாத்தலைங்கறார்."

"ரெண்டு கார்டுக்கு ஒரே நம்பரா?" பிரதீபாவே திகைத்துப்போனாள்.

"நம்பரை விடு. நான் என்ன செய்யணும், அதைச் சொல்லு."

"உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடுங்க. வெளிய போறப்ப மாட்ட நாதாங்கியும் நல்ல பூட்டும்."

மறுநாள் காலையிலேயே தெய்வநாயகி செங்கல்பட்டுக் கடைத்தெருவுக்குப் போய்க் கட்டைவிரல் தடிமனில் இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிவந்து, தச்சரை வைத்து மாட்டிவிட்டார்.

மாலை வேலை முடிந்து வந்த பிரதீபா படியேறும்போது, ஹரிகிருஷ்ணன் தன் வீட்டுப் பூட்டில் கார்டைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு எரிந்தது. கதவு அசையவில்லை.

"மக்கர் பண்ணுது" என்றார், அவளைப் பார்க்காமல்.

"பூட்டு திறந்துதான் இருக்கு சார்."

"யாரு?" என்று உள்ளேயிருந்து தெய்வநாயகியின் குரல் கேட்டது.

"நான்தான்."

"நான்தான்னா?"

அவர் பிரதீபாவை ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித் தன் பெயரைச் சொன்னார். தாழ்ப்பாள் விலகும் சத்தம் நிதானமாகக் கேட்டது.

அந்த வாரம் முழுக்கத் தச்சருக்கு அங்கேயே வேலை இருந்தது. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கூப்பிட்டார்கள்.