குச்சி நட்ட செடிகள்

கும்மிடிப்பூண்டியில் தகடு வெட்டும் லேசர் பட்டறை வைத்திருந்த சந்திரமோகனுக்கு 2007இல் ஒரு யோசனை வந்தது. இரும்பையே வெட்டும் ஒளி களையைக் கருக்காதா? ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி கட்டி நெல் விதைத்தார். எது களை என்று இயந்திரத்துக்குத் தெரியாது. ஆள் பார்த்துச் சிவப்புக் குச்சி நட்டால், குச்சியடியில் இருக்கும் குருத்தை லேசர் சுடும்.

குச்சி நட, தாவரவியல் படித்த தமிழ்செல்வியை வேலைக்கு எடுத்தார்.

"கிராமத்துப் பொண்ணு. உனக்குச் சொல்லியா தரணும்?"

அவள் தலையாட்டினாள். பாத்தி நன்றாக வந்தால் வேலை நிரந்தரம்.

நெல்லும், நெல்லைப் போலவே முளைக்கும் புல்லும் அவளுக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. களையெடுத்தே அவளைப் படிக்கவைத்த அம்மா அஞ்சம்மாள், ஒருநாளும் அவளை வயலில் இறங்க விட்டதில்லை. அம்மாவிடம் கேட்கலாம். பட்டம் வாங்கியவள் இதைப் போய்க் கேட்பதா? செழிப்பாக நின்றதை நெல் என்று முடிவுகட்டி, மெலிந்தவற்றின் பக்கத்தில் குச்சி நட்டாள்.

மூன்று வாரத்தில் பாத்தி பச்சென்று நின்றது. ஒப்பிட்டுக் காட்ட, அடுத்த பாத்தியில் கையால் களையெடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் கூட்டிவர ஊருக்குப் போய்த் திரும்பிய பட்டறை வேனிலிருந்து இறங்கியது அஞ்சம்மாள். மகளுக்கு இங்கே ஆபீஸ் வேலை என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

லேசர் பாத்தியில் குனிந்து ஓர் இலையை விலக்கிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"இன்னா சார் இது? நெல்லைக் கொளுத்திட்டுப் புல்லை வளத்துக்கினு கீறீங்க! இலை கிளம்புற எடத்துல பாருங்க. நெல்லுன்னா சின்னதா நாக்கு இருக்கும். இது மொழுக்குனு கீது. எந்தக் குருடி குச்சி நட்டா?"

சந்திரமோகன் தமிழ்செல்வியைப் பார்த்தார். அஞ்சம்மாளும் அந்தப் பக்கம் திரும்பினாள். சிரிப்பு நின்றது.

"எம் பொண்ணு சார்..."

"அப்ப நீயாவது கத்துத் தந்திருக்கலாமே? நாளைலேருந்து நீயே வந்து குச்சி நடும்மா. பொண்ணு வீட்ல இருக்கட்டும்."

"குச்சி எதுக்கு சார்? குனியறப்பவே புடுங்கிடறேனே."

"புடுங்கக் கூடாது. மெஷின்தான் சுடணும்."

மறுநாள் காலை அஞ்சம்மாள் மகளின் டிபன் டப்பாவில் சோறு கட்டிக்கொண்டாள். வாசலில் நின்று கேட்டாள்:

"ஒரு வார்த்த என்னாண்ட கேக்கக் கூடாதாடி?"

"நீ எங்க என்னைச் சேத்துல எறங்க உட்ட?"

வேன் ஹாரன் அடித்தது. வேனுக்குள்ளே, தமிழ்செல்வி இத்தனை நாள் உட்கார்ந்து போன இடம் காலியாகத்தான் இருந்தது.