முப்பது செகண்டு

காலை பதினொரு மணிக்கு இரண்டு ரிங் வந்து நின்றால் அக்கா நன்றாக இருக்கிறாள். நிற்காமல், தானாக ஓயும்வரை அடித்தால் நான் கிளம்பிப் போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். அதைத் தவிர எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது.

இந்த ஏற்பாட்டைச் சொன்னதே மஞ்சுளா அக்காதான். சாத்தூரில் அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டின் கூடத்தில் ஒரு போன் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும். வெளியூருக்குப் பேசியது ஒவ்வொன்றும் தேதி, நேரம், நம்பரோடு அதில் அச்சாகியிருக்கும். அக்காவின் மாமனார் சின்னசாமி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, தான் பேசாத வரிகளுக்குக் கீழே கோடு போடுவார். கல்யாணமான முதல் வருஷம் அக்கா மதுரையிலிருக்கும் அம்மாவோடு மூன்று தடவை பேசியிருந்தாள். மூன்று கோடுகள். "என்னடி பேசுன?" என்று அத்தான் ஜெயக்குமார் கேட்டார். அவள் சொன்ன பதில் அவருக்குப் போதவில்லை. அன்றிலிருந்து இடது கையை அவளால் தோளுக்கு மேலே தூக்க முடியாது.

அம்மாவிடம் சொன்னேன். "குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். நீ போயி எதையாச்சும் பேசிக் கெடுத்துராத" என்றாள்.

2004 தை மாதம் கல்கத்தாவுக்கு வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அக்காவைப் பார்க்கப் போனேன். என் செல்போன் நம்பரை அவள் தாளில் எழுதிக்கொள்ளவில்லை. நாலு தடவை சொல்லச் சொல்லி மனதில் ஏற்றிக்கொண்டாள்.

"எடுக்காத போனுக்குப் பில்லு கிடையாது உத்தமா. பதினோரு மணிக்கு அத்தை கோயிலுக்குப் போயிரும். நான் அடிக்கேன். ரெண்டோட வச்சிருவேன். பாசத்துல எடுத்துக் கிடுத்துத் தொலைச்சிராத."

"ரெண்டுக்கு மேல அடிச்சா?"

"நிக்கவே இல்லன்னா வா."

"அதுக்கு இப்பவே என்கூட வந்திரலாம்லக்கா?"

"எங்க? நீயே நாலு பேரோட படுத்துக் கெடக்கப் போற. நான் எங்க படுக்க, மோட்டுவளையிலயா? தனியா ஒரு ரூம் பாரு. அப்புறம் நீ கூப்பிடாட்டியும் வருவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளத்தில் பெயின்ட் அடிக்கும் காண்ட்ராக்டரிடம் எனக்கு வேலை. முதல் ஆறு மாதம் கேட்டுக்கு வெளியே இருந்த ஷெட்டில் ஆள் கணக்கு எழுதினேன். பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே செல்போனை மேஜைமேல் எடுத்து வைத்துவிடுவேன். ஒன்று, இரண்டு. நின்றுவிடும். அதன்பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

ஆகஸ்டில் என்னை உள்வேலைக்கு அனுப்பினார்கள். உள்ளே செல்போன் கொண்டுபோகக் கூடாது. எட்டு மணிக்கு கேட்டில் கொடுத்துவிட்டுப் பித்தளை டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தால்தான் திரும்பக் கையில் வரும்.

முதல் நாள் பன்னிரண்டரைக்குத் திரையில் '1 மிஸ்டு கால்' என்று இருந்தது. இரண்டு ரிங்கா, இருபது ரிங்கா? செல்போன் அதைச் சொல்லவில்லை. கேட்டில் காவலுக்கு இருந்த கார்டு தாதாவிடம் எத்தனை தடவை அடித்தது என்று கைவிரலைக் காட்டிக் கேட்டேன். "கோதோபார் பாஜ்லோ தாதா?"

அவர் அலமாரியைக் காட்டினார். நூற்றுக்கணக்கில் செல்போன்கள். "எல்லாம் சேர்ந்து கத்துது. உன்னுடையது என்ன தனிக் குயிலா?" என்று வங்காளியில் கேட்டுச் சிரித்தார்.

நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் பெஹாலாவில் முகமது இஸ்மாயில் பாய் கடைக்குப் போனேன். பாய்க்குச் சொந்த ஊர் காயல்பட்டினம். முறுக்கு, இட்லி அரிசி, காப்பித்தூள், செல்போன் ரீசார்ஜ் எல்லாம் அங்கே உண்டு. கடை மூலையில் கண்ணாடி போட்ட எஸ்.டி.டி. பூத்தும் இருந்தது. அக்கா விஷயம் கல்கத்தாவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுட்டு வந்தீங்க?" என்றார் பாய். "வாய்ஸ்மெயில் போட்டுருவோம். ரெண்டு ரிங்ல அவங்க வச்சிட்டா வெறும் மிஸ்டு கால். விடாம அடிச்சா வாய்ஸ்மெயில் எடுத்துக்கும். உங்க செல்லுல கேசட்டு மாதிரி ஒரு படம் வந்து நிக்கும். கேசட்டு இருந்தா ஊருக்குக் கிளம்புங்க, இல்லாட்டி சோத்தத் தின்னுங்க."

கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பூத்திலிருந்து என் நம்பருக்கு அடித்துப் பார்த்தார். மூன்றாவது ரிங் முடிந்ததுமே ஒரு பெண் குரல் வங்காளியில் பேசத் தொடங்கிவிட்டது.

"மூணுக்கே பொம்பள வந்துட்டாளே. உங்க அக்கா கை கொஞ்சம் அசந்தாப் போச்சு."

"இழுத்து வைக்க முடியாதா பாய்?"

"அஞ்சஞ்சு செகண்டா ஏத்தலாம். முப்பது வரைக்கும். அதுக்கு மேல கம்பெனிக்காரன் விடமாட்டான்."

என் செல்லை வாங்கி நட்சத்திரத்தையும் எண்களையும் மாறிமாறித் தட்டினார். கடைசியில் முப்பது போட்டு, பச்சைப் பட்டனை அமுக்கினார். மறுபடி பூத்துக்குள் போய் அடித்தார். நான் வெளியே நின்று எண்ணினேன். ஏழு ரிங். அப்புறம்தான் அந்தப் பெண் வந்தாள்.

"ஏழு!" பாய் உள்ளிருந்து கத்தினார். "ரெண்டுக்கும் ஏழுக்கும் நடுவுல ஒருத்தன் தூங்கியே எந்திரிக்கலாம்."

அவர் போனை வைத்ததும் பூத்து மேலிருந்த சின்ன மெஷின் கிர்ரென்று ஒரு சீட்டைத் துப்பியது. பாய் அதைக் கிழித்துக் கசக்கிப் போட்டார். அது என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

வங்காளிக் குரல் வந்தால் அக்கா பயந்துபோவாள் என்று நானே என் குரலைப் பதிந்து வைத்தேன். "அக்கா, கேட்டுட்டேன். கெளம்பி வாரேன்."

"வேற யாராச்சும் அடிச்சா?" என்றார் பாய்.

"அவளத் தவிர இந்த நம்பர் அங்க யாருக்கும் தெரியாது பாய்."

இதையெல்லாம் அக்காவிடம் சொல்ல வழியில்லை. அவள் பாட்டுக்குப் பதினொரு மணிக்கு அடித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு நான் டோக்கனை நீட்டுவேன். மிஸ்டு கால் ஒன்று, கேசட் இல்லை. மறுநாள் அதே போல. மூன்று வாரம் சாப்பாடு ஒழுங்காக இறங்கியது. பெஹாலா டிராம் டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறையும் பார்த்துவிட்டேன். லட்சுமி பூஜை முடிந்ததும் காலியாகும் என்று வீட்டுக்கார மாஷிமா சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. அக்காவுக்குக் குடம் தூக்கி நடக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் மூன்றாம் தேதி கேசட் வந்தது.

கேட் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டேன். அக்கா பேசவில்லை. துணி உரசும் சத்தம். பிறகு தூரத்தில் அவள் மாமியார் குரல்: "நடை சாத்திக் கெடக்கு, அதான் திரும்பிட்டேன். அங்க என்ன பண்ணுத?"

"தொடைக்கேன் அத்தை."

அப்புறம் கட்.

எனக்கு விளங்கிவிட்டது. மாமியார் பாதியில் திரும்பி வந்திருக்கிறாள். போனைக் கீழே வைக்க நேரமில்லாமல் அக்கா ரிசீவரை முந்தானைக்குள் மறைத்திருக்கிறாள். அது பாட்டுக்கு அடித்து, ஏழு முடிந்து, வாய்ஸ்மெயிலுக்குள் போய்விட்டது. இருந்தாலும் வேலை விட்டதும் பாயிடம் ஓடினேன்.

"அவசரப்படாதீங்க. நாளைக்கு ரெண்டு வருதான்னு பாருங்க" என்றார்.

மறுநாள் வந்தது. கேசட் இல்லை. நான் வைத்த கண்ணி சரியாக வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அன்று இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன்.

அக்டோபரில் பெஹாலா முழுக்க துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை மிஸ்டு கால் வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. போன் ரிப்பேராக இருக்கும், மாமியாருக்குக் காய்ச்சலாக இருக்கும், கோயிலுக்குப் போயிருக்கமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புதன்கிழமை பன்னிரண்டரைக்குக் கேசட் இருந்தது.

"தம்பி, சாத்தூர்லருந்து சின்னசாமி பேசுதேன்."

நிதானமான குரல். பக்கத்தில் தாள் புரளும் சத்தம்.

"பில்லு வந்திருக்கு. போன மாசம் மூணாந்தேதி பதினோரு மணிக்கு ஒரு வெளியூரு காலு. நம்பரு நமக்குத் தெரியாத நம்பரு. யாருக்குடின்னு ரெண்டு நாளா கேக்கோம், வாயத் தொறக்க மாட்டேங்கா. சரி, நாமளே அடிச்சுப் பாப்போம்னு அடிச்சேன். நீங்க கேட்டுட்டேங்கீக. கெளம்பி வாரேங்கீக. நாங்களும் கேட்டுட்டோம் தம்பி. வாரதுன்னா சொல்லிட்டு வாங்க."

செருப்புக்குப் பக்கத்தில் விழுந்த அந்தச் சீட்டு எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாய்ஸ்மெயில் எடுத்தாலும் எடுத்ததுதான். பாய் கடை மெஷின் அன்றைக்கே பில் சீட்டுப் போட்டுச் சொல்லியிருந்தது. மனுஷன் எடுக்காத போனுக்குப் பில் கிடையாது என்றுதான் நாங்கள் மூன்று பேருமே நினைத்திருந்தோம். நானாக ஒன்றைப் புகுத்தாமல் இருந்திருந்தால், அவள் முந்தானைக்குள் அது அடித்து ஓய்ந்து, ஒரு தடயமும் இல்லாமல் போயிருக்கும்.

செய்தி அதோடு முடியவில்லை. அவர் ரிசீவரைச் சரியாக வைக்கவில்லை போலிருந்தது. உள்ளே எங்கேயோ எவர்சில்வர் டம்ளரை மரக்கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

டங். டங்.

இரண்டு. அது நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

டங். டங். டங்.

"யேய், அதப் புடுங்கு அவ கையிலருந்து" என்று சின்னசாமியின் குரல் தள்ளிக் கேட்டது. சத்தம் நிற்கவில்லை. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். வாய்ஸ்மெயிலுக்கு உண்டான நேரம் முடிந்து தானாக அறுந்துபோகும்வரை அது கேட்டுக்கொண்டே இருந்தது.

அங்கேயே நின்று சாத்தூர் வீட்டுக்கு அடித்தேன். ரிங் போய்ப்போய் ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. மதுரையில் அம்மாவின் பக்கத்து வீட்டுக்கு அடித்து அவளைக் கூப்பிடச் சொன்னேன்.

"இப்பவே பஸ் ஏறும்மா. ரெண்டு மணி நேரத்துல போயிரலாம். அவள ரூம்ல போட்டுப் பூட்டி வச்சிருக்காங்க."

"நான் ஒத்தப் பொம்பள போயி என்னடா பண்ண? சம்பந்திக மூஞ்சில எப்படி முழிக்க? நீ வா. ஆம்பள வந்து பேசினாத்தான் சரி."

"அம்மா, ரெண்டு நாள் ஆகும்மா எனக்கு."

அந்தப் பக்கம் அழுகை மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் போனை வாங்கி வைத்துவிட்டார்.

ஃபோர்மேன் லீவு தரவில்லை. பூஜைக்கு முன்னால் கப்பல் தண்ணீரில் இறங்க வேண்டும், போனால் திரும்பி வராதே என்றான். டோக்கனைக் கார்டு தாதாவின் மேஜையில் வைத்தேன். "கி ஹோலோ?" என்ன ஆயிற்று என்று கேட்டார். அக்கா என்பதற்கு "தீதி" என்றேன். அதற்குமேல் எனக்கு வங்காளி வரவில்லை. அவர் டோக்கனை ஆணியில் மாட்டினார்.

ஹவுராவில் பூஜைக் கூட்டம். முன்பதிவில்லாப் பெட்டியில் கக்கூஸ் கதவோரம் நிற்க இடம் கிடைத்தது. வண்டி நகர்வதற்குள் வாய்ஸ்மெயிலை நிறுத்திவிட்டேன். இனி அவள் எத்தனை நேரம் வேண்டுமானாலும் அடிக்கலாம். குறுக்கே எதுவும் வந்து எடுக்காது. கரக்பூர் தாண்டியதும் திரையில் இருந்த டவர் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒன்றுமே இல்லாமல் போனது.

மறுநாள் பதினொரு மணிக்கு வண்டி ஆந்திராவில் ஏதோ ஒரு வயல் நடுவில் நின்றுகொண்டிருந்தது. போனைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டேன். டவர் இல்லை. முப்பது வரை எண்ணினேன். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.