உட்கார்ந்த பொம்மைகள்

"மறைக்காத. காலைக் காட்டு," என்றாள் அக்கா.

தங்கை பாவாடை விளிம்பைக் கணுக்கால்வரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அக்கா விடவில்லை. விலக்கிப் பார்த்தபோது கெண்டைக்கால் நெடுக நரம்புகள் நீலமாகப் புடைத்துச் சுருண்டிருந்தன.

"எத்தனை நாளா இப்படி?"

"வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வருஷத்துலேர்ந்து. அங்க எல்லாருக்கும்தான் இருக்கு."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "நிக்கிற வேலைன்னு தெரிஞ்சுதான போனா? கல்யாணம் ஆகுறவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கட்டும். நீ எதையாவது கிளப்பிவிட்டு ரெண்டு பேர் வேலைக்கும் உலை வச்சுடாத."

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. நாலு மாடித் துணிக்கடை. தங்கை இரண்டாம் மாடியில் துணி விரித்துக் காட்டுபவள். அக்கா வாசல் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகளை அலங்கரிப்பவள். கடைப் பெண்கள் பன்னிரண்டு மணி நேரமும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் சோம்பல் வரும், சோம்பல் வந்தால் வியாபாரம் போகும் என்பது முதலாளியின் ஆராய்ச்சி முடிவு. அந்த ஆராய்ச்சியை அவர் சுழல் நாற்காலியில் சாய்ந்தபடி செய்திருந்தார். யாராவது சுவரில் முதுகைச் சாய்த்தால் மேற்பார்வையாளர் 'ஸ்ஸ்' என்பார். பெண்கள் அவருக்கு 'குக்கர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஆண்டு விழா நெருங்கியது. முதலாளி அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவை 'பெண்மையைப் போற்றுவோம்'னு வச்சிருக்கேன்மா. கண்ணாடியில நம்ம கடைப் பொண்ணுங்க பெருமை தெரியணும். பாக்குறவன் அசந்து நிக்கணும்."

"நிக்க வச்சுடலாம் முதலாளி," என்றாள் அக்கா.

நான்கு நாட்கள் திரை போட்டுக்கொண்டு வேலை செய்தாள். பன்னிரண்டு பொம்மைகளின் இடுப்பையும் முழங்காலையும் அறுத்து, உள்ளே கம்பி கொடுத்து மடக்கினாள். காகிதக் கூழ் அப்பி, கடையில் வேலை செய்யும் பன்னிரண்டு பேரின் முகங்களைக் கொண்டுவந்தாள். கடைசியாக, தங்கையின் காலை மனதில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கெண்டைக்காலிலும் நீல நரம்பு வரைந்தாள்.

விழா நாள் காலை திரை விலகியது. கடைச் சீருடையில் பன்னிரண்டு பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டியிருந்தாள். இன்னொருத்தி பக்கத்திலிருந்தவள் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். அது தங்கையின் முகம்.

தங்கை வெகுநேரம் பார்த்தாள். "பொறாமையா இருக்குக்கா," என்றாள்.

முதலாளி பல்லை நறநறவென்று கடித்தபடி வந்தார். வாசலில் சேர்ந்திருந்த கூட்டத்தையும் பத்திரிகைக்காரரின் கேமராவையும் கண்டதும் அந்தப் பல்லையே புன்னகையாக மாற்றிக்கொண்டார். "எல்லாம் என் யோசனைதான்," என்று பேட்டி கொடுத்தார். கடையைச் சுற்றிக் காட்டப் பத்திரிகைக்காரரை மாடிக்கும் அழைத்து வந்தார்.

துணி வாங்க இரண்டாம் மாடிக்கு ஏறி வந்த ஓர் அம்மாள் தங்கையை உற்றுப் பார்த்தார். "கீழ உன்னை மாதிரியே ஒண்ணு உக்காந்திருக்கு. நீ ஏம்மா நிக்கிற?"

தங்கை குக்கரைப் பார்த்தாள். குக்கர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி கேமராவைப் பார்த்தார்.

"நாற்காலி கொண்டாங்கப்பா," என்றார் தேனொழுக.

விழா மேடைக்கென்று வாங்கி வைத்திருந்த நாற்காலிகள் மாடிக்கு வந்தன. பெண்கள் உட்கார்ந்தார்கள். பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அவர் போனதும் 'ஸ்ஸ்' என்றது குக்கர். யாரும் அசையவில்லை.

"அதான் போட்டோ முடிஞ்சுதுல்ல, எந்திரிங்க."

தங்கைக்கு, வீட்டில் அம்மா சொன்னது காதில் கேட்டது. ஆனாலும், "காலு மரத்துப்போச்சு சார்," என்றாள்.

"எனக்கும்தான் சார்," என்றாள் அடுத்தவள். அதற்கடுத்தவளுக்கும் மரத்துப்போயிருந்தது.

அந்த அம்மாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே அமர்ந்தார். "அந்தப் பச்சையை எடு கண்ணு." தங்கை மடியிலேயே விரித்துக் காட்டினாள். வியாபாரம் எங்கும் ஓடிப்போகவில்லை.

மறுநாள் பத்திரிகையில் 'ஊழியரை உட்கார வைத்த உத்தமர்' என்று முதலாளியின் படம் வந்தது. உத்தமரால் நாற்காலிகளைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அக்காவைக் கூப்பிட்டார்.

"பொம்மைங்களை உடனே நிக்க வை. அதுங்களைப் பாத்துத்தான் இவளுங்க கெட்டாளுங்க."

அக்கா ஒவ்வொன்றாகக் கம்பிகளை நிமிர்த்தினாள். அந்தக் கடையில் முதலாளி சொன்னதும் எழுந்து நின்றவை அவை மட்டும்தான்.