நேராகப் பார்க்கக் கூடாத அம்மா

"எங்க அம்மா கண்ணைத் திறந்து பார்த்தா, எதிர்ல இருக்கிற ஆள் கல்லாயிடுவாங்க சார். அதுக்கேத்த மூக்குக்கண்ணாடி ஏதாவது இருக்கா?"

சோடாபுட்டி சிரிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் இதைவிடக் கிறுக்குத்தனமாகக் கேட்டிருக்கிறார்கள். பெண்டாட்டி பேசும்போது காது அடைத்துக்கொள்கிற மாதிரி ஃபிரேம் உண்டா என்று கேட்ட புது மாப்பிள்ளையே உண்டு. அவருடைய மூக்கில் உட்கார்ந்திருந்த தடித்த லென்ஸைப் பார்த்துத் தெரு வைத்த பெயர் சோடாபுட்டி. நாளாக ஆக அவரே அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கேட்டவள் ஒரு நர்ஸ். டூட்டி முடிந்து உடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. கறுப்புக் கண்ணாடி. தலையை இறுக்கிச் சுற்றிய துணி.

அந்தத் துணி அசைந்தது.

ஃபேன் ஓடவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது. துணி மறுபடியும் அசைந்து, விளிம்பில் ஒரு சின்னப் பாம்பின் தலை எட்டிப் பார்த்தது. சோடாபுட்டியின் கையிலிருந்த டிபன் பாக்ஸ் மூடி கழன்று உருண்டது.

"பயப்படாதீங்க தம்பி," என்றாள் அம்மா. "அதுங்களுக்கு முட்டை கொடுத்துட்டுத்தான் கூட்டிட்டு வந்தேன். கடிக்காது. என் கண்ணுதான் வம்பு."

கதைகளில் கேட்டதுதான். முடிக்குப் பதிலாகப் பாம்பு, பார்வை பட்டால் கல். கதையில் வருகிறவர்களுக்கும் ஒரு நாள் மூக்குக்கண்ணாடி தேவைப்படும் என்று அவர் நினைத்ததில்லை. ஓடலாம் என்றால் கால்கள் ஒத்துழைக்கவில்லை. சரி, ஓடத்தான் முடியவில்லை, வேலையையாவது பார்ப்போம் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"என்ன தொந்தரவும்மா?"

"தனியா இருக்கிறப்பதான் கண்ணைத் திறப்பேன். இப்ப கொஞ்ச நாளா எல்லாம் புகை மூட்டமா இருக்கு. பல்பைச் சுத்தி வளையம் தெரியுது."

"கண்ணுல புரை. ஆபரேஷன் பண்ணணும்."

"பண்றவர் மைக்ராஸ்கோப்ல குனிஞ்சு உள்ளே பார்ப்பார் சார்," என்றாள் நர்ஸ். "அப்புறம் அவரைத் தூக்க கிரேன் கூப்பிடணும்."

அம்மா மகளின் கையைத் தட்டி அடக்கினாள். "தம்பி, இவ என் வயித்துல பிறந்தவ இல்லை. துணியில சுத்தி வாசல்ல விட்டுட்டுப் போயிருந்தாங்க. அழுகுரல் கேட்டது, கண்ணை மூடிக்கிட்டே எடுத்தேன். மூடிக்கிட்டே குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தலை வாரி விட்டேன். இவ முகத்தை விரலாலதான் தெரியும். எனக்குச் சாவு கிடையாது. இவ போன பிறகும் நான் இருப்பேன். நினைச்சுப் பார்க்க ஒரு முகம் வேணும். பார்வை முழுசா போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை இவளைப் பார்க்கணும்."

சோடாபுட்டி டிபன் பாக்ஸை ஓரமாக வைத்தார். அம்மாவை உள் அறைக்கு அழைத்துப்போய்ச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். பார்வை வெளியே பாயாமல் தடுக்குமோ என்று, இருப்பதிலேயே கறுப்பான லென்ஸைத் தேடி எடுத்தார். கண்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளக்கவேண்டும். அளவுகோலைக் கையில் எடுத்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. நாள் முழுக்க நூறு பேரிடம் சொல்கிற வசனம், யோசிக்காமல் வாயிலிருந்து விழுந்தது.

"கண்ணாடியைக் கழட்டுங்க. கண்ணைத் திறந்து, நேரா என் மூக்கைப் பாருங்க."

சொன்னபடி கேட்கிற பெண்மணி. கழற்றினாள். இமைகள் பிரிந்தன.

"அம்மா!"

மகள் போட்ட கூச்சலில் அம்மா வெடுக்கென்று முகத்தைத் திருப்பினாள். சோடாபுட்டி தரையில் குப்புற விழுந்தார். சுவரிலிருந்து ஏதோ ஒன்று பிடி நழுவி மேஜைமேல் 'டொக்'கென்று விழுந்தது.

பல்லி. மூக்கு முதல் வால் வரை கருங்கல்.

அம்மா இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். துணிக்குள் பாம்புகள்கூட அடங்கிவிட்டன.

"போதும் பாப்பா. வா, போயிடலாம். பார்க்கலைன்னா என்ன? இத்தனை நாள் பார்க்காமலா வளர்த்தேன்?"

"தப்பு என்னோடதும்மா," என்றார் சோடாபுட்டி, தரையிலிருந்தபடியே. "நாக்கு சும்மா இருக்கலை." எழுந்து உட்கார்ந்தவர், எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அறை சின்னது. அதனால் எழுத்து அட்டையை நாற்காலிக்குப் பின்னால் உயரத்தில் மாட்டி, வருகிறவர்களை எதிரே உள்ள கண்ணாடியில் அதைப் படிக்கச் சொல்லுவார். "இப்படிப் பார்த்தா?"

"கண்ணாடியா?" அம்மாவின் குரல் மாறியது. "என் கூடப் பிறந்தவளை ஒருத்தன் பளபளக்கிற கேடயத்துல பார்த்துத்தான் வெட்டினான். எங்க வீட்டுல கண்ணாடியே கிடையாது."

"ஆமா சார்," என்றாள் மகள். "பொட்டு கோணலாயிருக்கான்னு பக்கத்து வீட்டு பைக்கோட கண்ணாடியில பார்த்து வளர்ந்தவ நான்."

"ஆனா வெட்டின அந்தப் பாவி கல்லாகலையே!" என்றார் சோடாபுட்டி.

"அவ தூங்கிட்டு இருந்தா தம்பி. கண்ணு மூடியிருந்தது."

ஆக, திறந்த கண்ணைக் கண்ணாடிக்குள் பார்த்தால் என்ன ஆகும் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. சோடாபுட்டி உதட்டைக் கடித்தார். எழுத்து அட்டைக்கு மேலே இன்னொரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாங்க ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கறோம். நீங்க எதிர்ல பாருங்க. உங்க முகம் உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஜனங்க எழுத்தைப் படிக்காம தலையை வாரிக்கிட்டு உட்கார்ந்திடறாங்கன்னு மேல்பக்கமா சாய்ச்சு மாட்டியிருக்கேன். அட்டைக்கு மேலே என்ன தெரியுது?"

"மங்கலா ஒரு கோடு."

"அதுதான். நல்லாப் பாருங்க... போதும், மூடிக்கோங்க."

அவர் திரும்பினார். பல்லி அசையவில்லை. கல்லா, உயிரா? சனியன், எப்போதுமே அசையாத ஜந்து! படிக்கச் சொல்லிக் காட்டுகிற குச்சியை எடுத்து மெல்லக் குத்தினார். பல்லி வாலை உதறிவிட்டு ஓடியது. துடிக்கிற வால் அவருடைய தோளில் விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தோளில் பல்லிவால் விழுந்ததற்குச் சந்தோஷப்பட்டார்.

"பல்லி தப்பிச்சா மனுஷி தப்பிப்பாளா?" என்றாள் அம்மா. "வேண்டாம். விஷப்பரீட்சை வேண்டாம்."

"இனிமே நீ சொல்லிக் கேக்கறதா இல்லை." மகள் ஏற்கெனவே ஸ்டூலில் ஏறி அட்டைக்கு முன்னால் நின்றுவிட்டாள். "நான் கல்லானா வீட்டுல கொண்டுபோய் வெச்சுக்கோ. அப்பவும் உன்கூடத்தானே இருப்பேன்?"

"வாயைக் கழுவுடி!"

"நீ கண்ணைத் திற."

லென்ஸ்களை மாற்றி மாற்றிச் செருகுகிற சோதனை ஃபிரேமை சோடாபுட்டி அம்மாவின் மூக்கில் மாட்டினார். பக்கவாட்டில் நின்று, தன் கண்களை இறுக மூடிக்கொண்டார். லென்ஸ் தட்டில் எது எங்கே என்று விரல்களுக்குத் தெரியும். ஒன்றைச் செருகினார்.

"திறங்கம்மா."

'டொக்' சத்தம் வரக்கூடாது, வரக்கூடாது என்று மனசுக்குள் கும்பிட்டார்.

"இருக்கேன்மா," என்றது மேலேயிருந்து ஒரு நடுங்கிய குரல். "நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவர் மூச்சு விட்டார். "என்ன தெரியுது?"

"வெள்ளையா ஒரு உருவம்."

லென்ஸை மாற்றினார். "இதுவா, முன்னாடி போட்டதா? எது தெளிவு?"

"இதுதான். மூக்கு இருக்கு. என் விரல்ல பட்ட அதே சப்பை மூக்கு."

"அம்மா!"

"பேசாதே, முகம் ஆடுது."

மூன்றாவது லென்ஸ் உட்கார்ந்தது. நாற்காலியின் கைப்பிடி கிறீச்சிட்டது. அம்மா இறுகப் பிடித்திருக்கிறாள் போலும். நேரம் போய்க்கொண்டே இருந்தது. மகளுக்குத் தாங்கவில்லை.

"சொல்லும்மா... எப்படி இருக்கேன்?"

"என்னடி இது, கண்ணுக்குக் கீழே ரெண்டு பக்கமும் இவ்வளவு கறுப்பு?" அம்மாவின் குரல் உடைந்தது. "தூங்கினியான்னு கேட்டா, நல்லாத் தூங்கினேன், நல்லாத் தூங்கினேன்னு புளுகறே! இப்படித்தான் இத்தனை வருஷமா என்னை ஏமாத்திட்டு இருந்தியா?"

ஸ்டூலின்மேல் மகள் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று மூடிய கண்களுக்குத் தெரியவில்லை. இரண்டும் என்று சோடாபுட்டிக்குத் தோன்றியது. அவருடைய தடித்த லென்ஸுக்குள்ளும் ஈரம் இறங்கி மூக்கு அரித்தது. சொறிந்தால் கை ஆடும், ஃபிரேம் நகரும்.

"இன்னும் ஒரு லென்ஸ் போட்டுப் பார்க்கட்டுமாம்மா?"

"இதுவே நல்லாத் தெரியுது. நீங்க அசையாம நில்லுங்க தம்பி."

மூக்கு அரிக்க அரிக்க, அவர் நின்றார்.