இருபது வரைக்கும் எண்ணு

ஃபோனிலேயே வண்டியின் வியாதியைச் சொல்லிவிடுவான் என்று அந்த மெக்கானிக்குக்குப் பெரிய பெயர். பாதி நேரம் சரியாகவும் இருக்கும். மீதிப் பாதி அவனுக்கே ஞாபகம் இருக்காது.

தங்கைக்கும் அப்படித்தான் சொன்னான். அவள் வீட்டில் இருப்பது பதினேழு வருஷத்து டீசல் கார். போன மாதம் இவன்தான் அதற்கு ஃபில்டர் மாற்றிக் கொடுத்தான். அதிலிருந்து காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது.

"இஞ்சினைச் சூடாக்கற ஹீட்டர் விளக்கு அணையறதுக்குள்ள சாவியைத் திருப்பியிருப்ப. சின்ன வயசுலேருந்தே நீ அவசரக்குடுக்கை. விளக்கு அணைஞ்சதும் இருபது வரைக்கும் எண்ணு. அப்புறம் திருப்பு."

"விளக்கு அணைஞ்சுதான்ணா திருப்பறேன். ஃபில்டர்கிட்ட டீசல் ஈரமா இருக்கு."

"துணியால தொடைச்சு விடு" என்று ஃபோனை வைத்துவிட்டான்.

மறு வாரம் அவளுக்கு நேர்முகத் தேர்வு. எட்டு வருஷம் வீட்டோடு கிடந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. அன்று இருபது எண்ணியும், பேட்டரி தீரும்வரை சுற்றியும் கார் அசையவில்லை. பஸ் பிடித்து அவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "உனக்கு வண்டி எடுக்கத் தெரியலன்னு உங்க அண்ணனே சொல்லிட்டார்" என்று கணவர் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மெக்கானிக்கே சொன்ன பிறகு அவள் யாரிடம் போய் வாதாடுவாள்?

நேற்று அந்தக் கணவருக்கும் கார் கிளம்பவில்லை. கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டார். "ஹீட்டரையே எரிச்சு வச்சுட்டா மச்சான்."

காலையில் இஞ்சின் ஆறிக் கிடந்தபோதே மெக்கானிக் ஆரம்பித்தான். ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி ஒவ்வொன்றாக பேட்டரியில் வைத்துப் பார்த்தான். நான்கும் பழுக்கச் சிவந்தன. ஹீட்டரில் கோளாறு இல்லை. மறுபடி மாட்டிச் சுற்றிப் பார்த்தான். சைலன்சரில் துளிப் புகை இல்லை. அப்படியென்றால் இஞ்சினுக்கு டீசலே போய்ச் சேரவில்லை. குழாயின் நடுவே கண்ணாடி மாதிரி தெரியும் ஒரு டியூபைச் செருகிக் கைப்பம்பை அழுத்தினான். டீசலோடு குமிழி குமிழியாகக் காற்று வந்தது. எங்கோ காற்று உள்ளே புகுந்து, இரவோடு இரவாக டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது.

தேடிக்கொண்டே வந்தவன் ஃபில்டர் போல்ட்டில் நின்றான். கழற்றினான். அடியில் கசிவை அடைக்கும் காப்பர் வாஷர், இரண்டு பக்கமும் நசுங்கித் தகடாகியிருந்தது.

அது அவன் போட்டது. ஃபில்டர் மாற்றிய அன்று டப்பாவில் புது வாஷர் இல்லை. கடை அடுத்த தெருவில்தான். போகச் சோம்பல். பழையதையே திருப்பிப் போட்டு முறுக்கிவிட்டான்.

புது வாஷர் போட்டுக் காற்றை வெளியேற்றியதும் கார் அரைச் சுற்றில் கிளம்பியது. அலமாரியில் புது ஹீட்டர் பிளக்குகள் அடுக்கியிருந்தன. ஹீட்டர்தான் என்று சொல்லி நான்கைக் கையில் எடுத்துக் காட்டினால் போதும், ஒருவரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அப்படி நினைத்ததற்கே தன் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றியது.

இருவரும் வந்தார்கள். தங்கை வாசலிலேயே நின்றாள்.

"ஹீட்டர்தானே மச்சான்?"

"இல்ல மாப்பிள்ளை." வாஷரை அவர் உள்ளங்கையில் வைத்தான். "தப்பு என்னோடது. பழசைத் திருப்பிப் போட்டேன். இவ அன்னைக்கே ஈரமா இருக்குன்னு சொன்னா. நான் காதுல வாங்கல. இவ கையில ஒரு குறையும் இல்ல. இன்டர்வியூ போனது என்னாலதான்."

மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. வாஷரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சாவியை மனைவியிடம் நீட்டினார். அவள் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அண்ணனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் நேராகப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

சாவியைப் பாதி திருப்பினாள். ஹீட்டர் விளக்கு எரிந்து அணைந்தது. அவள் கை அசையவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"சரியாயிடுச்சும்மா. திருப்பு."

"இருண்ணா," என்றாள் அவள், விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல். "பதிமூணுதான் ஆச்சு."