துள்ளிய விரல்

சலூனில் சுவர்க்கண்ணாடி சரிந்து விழுந்து என் வலது மேற்கையின் பின்பக்கத்தைக் கிழித்தது. பக்கத்துக் கிளினிக்கில் தையல் போட்டு, கட்டுக் கட்டி அனுப்பினார்கள். காயம் என்னவோ சின்னதுதான். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் மணிக்கட்டு தொங்குகிறது. விரலை மடக்க முடிந்தது, விரிக்க முடியவில்லை. முடி வெட்டுகிறவளுக்குக் கத்தரியை மூட மட்டும் வந்தால் போதுமா?

என் நாத்தனார் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புப் பரிசோதனை மெஷினில் வேலை செய்கிறவர். எங்கள் வீட்டில் அவர் சொல்வதுதான் வேதவாக்கு. மறுநாளே என்னையும் என் கணவரையும் தன் அறைக்குக் கூட்டிப்போனார். முன்கையில் இரண்டு தகடுகளை ஒட்டி, முழங்கைப் பக்கம் கம்பியை வைத்து ஷாக் கொடுத்தார். ஆள்காட்டி விரல் துள்ளியது. திரையில் அலை எழுந்து இறங்கியது.

"பாத்தியாடா?" என்று தம்பியிடம் சிரித்தார். "நரம்புல ஒரு உப்பு உள்ள போகும், இன்னொரு உப்பு வெளிய வரும். அப்படியே கரண்ட் ஓடும். கடைசியில துளி ரசாயனத்தத் தசை மேல கக்கும், தசை இழுக்கும். எல்லாம் ஒழுங்கா நடக்குது. வயர் அறுந்தா பல்பு எரியுமா?"

"அப்ப ஏன் அண்ணி எனக்குக் கை தூக்க வரல?"

"அத நீதான் சொல்லணும். வீட்டு வேலை கசக்குதோ என்னவோ."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா..."

"இந்தக் கூத்துக்கு அவர் வேறயா?"

அன்றிலிருந்து எனக்கு நாடகக்காரி என்று பெயர். என் கணவர் திடீர் திடீரென்று சாவிக்கொத்தை என் முகத்தைப் பார்த்து எறிவார். தடுக்கக் கை எழுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். உதடு கிழிந்ததே தவிர, கை எழவில்லை. மாமியார் ஒருபடி மேலே போனார். நான் காய்கறி நறுக்கத் திணறிக்கொண்டிருந்தபோது, சூடான கரண்டியைக் கட்டைவிரல் அடியில் புறங்கையில் வைத்தார். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வாடை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

"தோல் பொசுங்குது, கண்ணு கூட சிமிட்டல. என்னா நெஞ்சழுத்தம்டா இவளுக்கு!" என்றார் மகனிடம். அவரும் வாயைப் பிளந்து வியந்தார். கல்யாணமான இத்தனை காலத்தில் அவர் என்னை வியந்து பார்த்தது அப்போதுதான்.

முன்கைச் சதை வற்றிக் குச்சியாகிவிட்டது. அடிபட்டு ஒரு வருடம் முடியப்போகும் நேரத்தில் சலூன் முதலாளியம்மாதான் பிடிவாதமாக என்னை நரம்பு டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் காயத்துக்கு மேலே ஷாக் வைத்தார், கீழே வைத்தார். விரல் மரக்கட்டையாகக் கிடந்தது. என் கணவரையும் நாத்தனாரையும் வரச்சொன்னார்.

"அன்னிக்குக் காயத்துக்கு மேல ஷாக் குடுத்துப் பாத்தீங்களா?"

"அங்க கட்டு இருந்துச்சு சார். கீழ வெச்சேன். நல்லாத் துள்ளுச்சே?" என்றார் நாத்தனார்.

"துள்ளத்தான் செய்யும். நரம்பு என்ன வயரா? அறுந்தாலும் கீழ்த்துண்டு உடனே சாகாது. மூளையிலேருந்து சேதி வராது, ஆனா நீங்க ஷாக் வெச்சா அதுல மிச்சம் இருக்கிற உப்பும் ரசாயனமும் வேலை செய்யும். சில நாள்ல அடங்கிடும். அதுக்கப்புறம் திரும்பப் பாத்தீங்களா?"

நாத்தனார் இல்லையென்று தலையாட்டினார்.

"அப்பவே நரம்பத் தெச்சிருந்தா இந்தக் கை பெரும்பாலும் தேறியிருக்கும். இப்ப தைக்கிறதுல பிரயோஜனம் இல்ல. தசை செத்துப்போச்சு."

நாத்தனார் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. அதற்கும் இரண்டு கை வேண்டுமே. என் கணவர் ஓடிப்போய் அக்காவின் தோளை அணைத்துக்கொண்டார்.

"அழாதக்கா. நீ வேணும்னா செஞ்ச?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "மரம் மாதிரி நிக்கிற. ஒரு வார்த்தை சொல்லேன். அக்கா எவ்ளோ நொந்து போயிருக்கு பாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டாக்டர் மட்டும் மேஜையைப் பார்த்தார்.

"பரவாயில்ல அண்ணி, அழாதீங்க" என்றேன்.

அவர் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டார். கணவர் பெருமூச்சு விட்டு என் பையை எடுத்து என் இடது தோளில் மாட்டினார்.

"வீட்ல போய் அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லிட்டு இருக்காத. கரண்டி வெச்சத நெனச்சு உருகிப்போயிடுவாங்க, பாவம்."