வேடிக்கை பார்க்க ஒரு ஆள் தேவை

மே பதினான்காம் தேதி காலை. என் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஆஸ்கௌட் உள்ளே வந்தான். ஒரு பால், ஒரு ரொட்டி, ஒரு கண்டு தூண்டில் நரம்பு. மூன்றையும் என் முன்னால் வைத்தான். பிறகு குண்டைப் போட்டான்.

"இந்த வருஷம் ஊர்வலத்துல நானும் நடக்கப் போறேன்."

ஜன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்த சோல்ஃப்ரிட்டின் கை பாதியில் நின்றது. அவள் ஆஸ்கௌட்டின் தங்கை. ஊர்வலக் கமிட்டியின் தலைவி. கமிட்டியில் இருந்த ஒரே ஆளும் அவள்தான்.

"நீ நடந்தா வேடிக்கை பாக்கறது யாருண்ணே?"

"அது கமிட்டியோட கவலை."

கவலையேதான். எங்கள் தீவில் மொத்தம் இருபத்தொரு பேர். மே பதினேழு வந்தால் நார்வே முழுக்க ஊர்வலம். மற்ற ஊர்களில் பாதிப்பேர் நடப்பார்கள், பாதிப்பேர் பார்ப்பார்கள். இங்கே இருபது பேர் நடப்போம். ஆஸ்கௌட் ஒருவன்தான் என் கடைக்கு எதிரே, தன் வீட்டு வேலியில் சாய்ந்து, காபியும் கையுமாக நிற்பான். அவன் முன்னால் ஊர்வலம் நிற்கும். மூன்று தடவை ஹுர்ரா போடுவோம். அவன் ஒருமுறை தலையாட்டுவான். அந்தத் தலையாட்டல் விழுந்தால்தான் எங்களுக்குத் தேசிய நாள்.

சாயங்காலம் தங்கையிடம் ஒரு காகிதம் நீட்டுவான். ஊர்வலத்தில் அவன் கண்ட குறைகளின் பட்டியல். அவள் படிக்காமலே கிழித்துப் போடுவாள். பதினோரு வருஷமாக இதுதான் நடப்பு.

அதற்கு முன்னால் கொடி பிடித்தவன் அவன்தான். ஆறடி நாலங்குலம். என் கடைக்கு வரும் மின்கம்பி சாலைக்குக் குறுக்கே தொங்கும். ஒரு வருஷம் கொடிக்கம்பின் நுனி அதில் மாட்டியது. கம்பி அறுந்து கடை ஃப்ரீசர் நின்றது. லைன்மேன் படகேறி வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். உருகுவதற்குள் தீர்க்கவேண்டுமே என்று ஏழு பிள்ளைகள் நாற்பத்திரண்டு ஐஸ்கிரீமைத் தின்று, கைத்தையல் போட்ட புது உடுப்பிலேயே வாந்தி எடுத்தார்கள். அன்றைக்கே அண்ணன் கையிலிருந்து கொடியைப் பிடுங்கினாள் சோல்ஃப்ரிட். அவள் ஐந்தடி. அவள் பிடித்தால் கம்பிக்கும் கொடிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி.

"நடக்கறது மட்டும் இல்ல. கொடியும் நான்தான் பிடிப்பேன்," என்றான் ஆஸ்கௌட்.

"அந்தக் கம்பி இன்னும் அங்கயேதான் தொங்குது. ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எழுபது ஆகுது, சோல்ஃப்ரிட். இன்னும் எத்தனை வருஷம் வேலியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது? போற காலத்துல ஒரு தடவை நடந்துட்டுப் போறேன்."

அவன் போனபிறகு அவள் காபியைத் தொடவே இல்லை.

"யாருமே பாக்கலைன்னா அது ஊர்வலம் இல்ல எம்ப்ரிக்," என்றாள் என்னிடம். "இருபத்தொரு பேரு கடைக்குப் போற மாதிரிதான் இருக்கும்."

வேட்டை தொடங்கியது. பாதிரியாருக்குப் போன் போட்டாள். அவர் பிரார்த்தனை செய்வதாகச் சொன்னார், நிற்பதாகச் சொல்லவில்லை. படகு கேப்டனிடம் கேட்டாள். "நாலு வயசுலேர்ந்து நடக்கறேன். பாக்கறதுக்கு எனக்குப் பழக்கமில்லம்மா," என்று வைத்துவிட்டார்.

பதினாறாம் தேதி அதிர்ஷ்டம் அடித்தது. படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த வேனோடு ஒரு ஜெர்மன் தம்பதி படகிலிருந்து இறங்கினார்கள். நின்று பார்ப்போம் என்று சத்தியம் செய்யாத குறை. சோல்ஃப்ரிட் அவர்களுக்கு வாஃபிள் சுட்டுக் கொடுத்தாள்.

பதினேழாம் தேதி, பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம். இருவரும் என் கடையில் ஆளுக்கொரு கைக்கொடி வாங்கினார்கள். நேராகப் போய் வரிசையில் நின்றுகொண்டார்கள், நான் ஊதும் டூபா என்ற பெரிய பித்தளைக் குழலுக்குப் பின்னால்.

சோல்ஃப்ரிட் அவர்களைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் கறுப்புக் கோட்டில், சவரம் செய்த முகத்தோடு, பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் வந்த பையன் போல நின்றான். அவள் தன் தோளிலிருந்து கொடியின் தோல்வாரைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள்.

"கம்பிக்கிட்ட வரும்போது கொடியைச் சாய்ச்சிடு."

"எனக்குத் தெரியும்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

அவள் நடந்து போய் அண்ணன் வீட்டு வேலியில் சாய்ந்து நின்றாள். அவன் ஃப்ளாஸ்க்கை அங்கேயே வைத்திருந்தான். கோப்பையும் இருந்தது. முதலிலேயே கணக்குப் போட்டிருக்கிறான், பாவி.

ஊர்வலம் கிளம்பியது. நான் டூபாவை ஊதியபடியே கம்பியை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். இருபதடி. பத்தடி. என் கடைக்குள்ளே ஃப்ரீசர் நிறைய ஐஸ்கிரீம்.

ஆஸ்கௌட் கொடியைச் சாய்த்தான். நன்றாகவே சாய்த்தான். கம்பி தப்பியது. ஆனால் காலையில் பெய்த ஆலங்கட்டி மழையில் சாலை நடுவே ஒரு குட்டை. கொடித்துணி காற்றில் வளைந்து அதை நோக்கி இறங்கியது.

மேலே கம்பி. கீழே சேறு. இடையில் நார்வே.

நான் ஊதுவதை நிறுத்தினேன். எல்லாரும் மூச்சை நிறுத்தினார்கள். கொடி தரையில் பட்டால் எங்கள் ஊரில் பேரன் காலம் வரை பேசுவார்கள். ஐஸ்கிரீம் கதையெல்லாம் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை.

சோல்ஃப்ரிட் கோப்பையை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். துணியின் நுனி சேற்றுக்கு நாலு விரல் மேலே இருந்தபோது இரண்டு கையாலும் வாரி அணைத்தாள். அண்ணன் கம்பையும் தங்கை துணியையும் பிடித்தபடி பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து கம்பியைத் தாண்டினார்கள்.

ஆஸ்கௌட் கொடியை நிமிர்த்தினான். பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"நீ இங்க வந்துட்டியே. அங்க யாரு இருக்கா?"

மொத்த ஊர்வலமும் திரும்பிப் பார்த்தது. வேலியில் ஒரு ஃப்ளாஸ்க் மட்டும் நின்றது.

"ஓடு," என்றான்.

அவள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கோப்பையைத் தேடி எடுத்தாள். வேலியில் சாய்ந்தாள். நாங்கள் காத்திருந்தோம். ஆஸ்கௌட் கண்ணைத் துடைத்துக்கொண்டான், காற்று என்று யாரும் கேட்காமலே சொன்னான். மூன்று ஹுர்ரா போட்டோம். கூட்டத்திலேயே பெரிய குரல் அவனுடையதுதான்.

சோல்ஃப்ரிட் ஒருமுறை தலையாட்டினாள்.

மதியம் பள்ளிக்கூடத்தில் சாசேஜும் ஐஸ்கிரீமும். அவள் அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். இரண்டு பக்கமும் எழுதியிருந்தது.

"அடுத்த வருஷமும் நான் அங்கதான் நிப்பேன்," என்றாள். "அங்கேர்ந்து பாத்தாத்தான் எல்லா லட்சணமும் தெரியுது. முதல்ல அந்த டூபா. மத்தவங்க ஒரு பாட்டு வாசிச்சா அது வேற பாட்டு வாசிக்குது."

ஆஸ்கௌட் சாசேஜைக் கீழே வைத்தான்.

"பதினோரு வருஷமா என் பட்டியல்ல முதல் வரி அதுதான். நீ ஒரு தடவையாவது படிச்சியா?"

இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். பிள்ளைகளுக்கு இன்னொரு சுற்று ஐஸ்கிரீம் எடுத்துவர நான் கடைக்குப் போய்விட்டேன்.